கல்கிசைக் கரையில் சொல்லாமல் விட்டது

எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே, கடற்கரை வீதியில் புதிதாக ஒரு சாப்பாட்டுக் கடை திறந்திருக்கிறார்கள். பின்னேரம் ஆறு மணிக்கு மேல் அங்கே கணவாயைக் காரமாக வறுத்து டெவல் போடத் தொடங்குவார்கள். வெங்காயமும் கறிமிளகாயும் வினாகிரியும் கொதிக்கிற எண்ணெயில் விழுந்ததும் அந்த வாசம் நாலாம் மாடி வரைக்கும் ஏறி வந்துவிடும். நான் பல்கனிக் கதவைச் சாத்துவேன். சாத்தினால் புழுக்கம், திறந்தால் நீ.

இன்றைக்கும் அதே கதைதான். பல்கனிக்கும் குசினிக்கும் இடையில் எத்தனை தரம் நடந்தேனோ தெரியாது. மகன் கம்ப்யூட்டரிலிருந்து தலையை நிமிர்த்தி, என்னம்மா தேடுறீங்கள் என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றேன். கலண்டரைப் பார்த்தேன். மாதத்தின் முதல் வெள்ளி. நீ போன பிறகு வருகிற ஏழாவது முதல் வெள்ளி. ஆறையும் வீட்டுக்குள்ளேயே கடத்திவிட்டேன். ஏழாவதைக் கடத்த முடியவில்லை. சேலையை மாற்றிக்கொண்டு புறப்பட்டேன். எங்கே போனேன், என்ன நடந்தது என்று பிறகு சொல்கிறேன். முதலில் சொல்ல வேண்டியது வேறொன்று இருக்கிறது. முப்பது வருடத்துக்குக் கிட்ட உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தது. அதை நேரே தொடங்க வராததால்தான் இப்படி அங்கேயும் இங்கேயும் சுற்றுகிறேன். பொறுத்துக்கொள்.

பம்பலப்பிட்டியில் நாம் இருவரும் தட்டச்சு செய்த அந்தக் கந்தோரில் உனக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது வெள்ளிக்கிழமை மட்டும்தான். நீ கொட்டாஞ்சேனைக்காரி. முதல் வெள்ளி என்றால் விடியத் தேவாலயத்தில் பூசை கண்டுவிட்டுத்தான் கந்தோருக்கு வருவாய். நான் வெள்ளவத்தை. வெள்ளி பின்னேரம் கோயிலுக்குப் போகிற வீட்டுப் பெண். கந்தோர் விட்டதும் நீ என் மேசையில் வந்து சாய்ந்து நின்று, "காலையில ஆண்டவருக்கு, பின்னேரம் எனக்கு" என்பாய். அது ரயில் நேரம் என்று அர்த்தம். நாம் கல்கிசைக்கு ரயில் ஏறுவோம். வீட்டில் நான் கோயிலில் நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

கரையில் தென்னோலை வேய்ந்த கடையொன்றின் முன்னால், மணலில் போட்ட பிளாஸ்டிக் கதிரைகளில் இருப்போம். வெள்ளியில் உனக்கு இறைச்சி கூடாது, ஆனால் கணவாய் இறைச்சியில்லை என்பது உன் வாதம். எனக்கு வெள்ளியில் மீன், மச்சம் எதுவுமே கூடாது. அதனால் உன் முன்னால் ஆவி பறக்கிற கணவாய், என் முன்னால் உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய அன்னாசி. கடற்கரைக்கு வந்து மரக்கறி சாப்பிடுகிற ஒரே ஆள் நான்தான் என்று கடைக்காரருக்குச் சிங்களத்தில் சொல்லிச் சிரிப்பாய். அந்த மனுஷனும் ஒவ்வொரு தரமும் புதிதாகக் கேட்கிற மாதிரிச் சிரிப்பார். திரும்பும்போது ரயிலில் என் கைப்பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து நீயே நீட்டுவாய். பூசிக் காட்டினால், இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் இழு, இது அவசரத்தில் பூசின மாதிரி இருக்கு என்று திருத்தம் சொல்வாய். வேதக்காரி திருத்திவிட்ட திருநீற்றோடு நான் அப்பாவின் முன்னால் போய் நிற்பேன். அப்பா ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

இரவில் கடற்கரைக்குப் போகிற பெண்கள் கெட்டுப்போவார்கள் என்று ஊர் சொல்லும். நீ அதை ஒப்புக்கொள்ளவே மாட்டாய். போகத் தெரியாதவர்கள்தான் மாட்டுப்படுகிறார்கள் என்பாய். போகத் தெரிவதற்கு உன்னிடம் ஒரு கட்டுச் சட்டங்கள் இருந்தன. தண்டவாளத்தைக் கடக்கும்போது காதை நம்பாதே, அலைச் சத்தத்தில் ரயில் கேட்காது, இரண்டு பக்கமும் கண்ணால் பார். சோடா வாங்கினால் மூடி உடைகிற சத்தத்தை நீயே கேட்டால் மட்டும் குடி. குழந்தை குட்டியோடு வந்த குடும்பம் எங்கே இருக்கிறதோ அதற்குப் பக்கத்துக் கதிரையை எடு. தண்ணீர் கணுக்காலோடு நிற்கட்டும். கடைசி ரயிலை நம்பி இராதே, அதற்கு முந்தினதைப் பிடி. பிறகு ஒன்று சேர்ந்தது: தலைக்கு மேல் லைட் இருக்க வேண்டும். வெளிச்சம் இல்லாத இடத்தில் நீ நிற்கவே மாட்டாய்.

யாராவது பொடியன்கள் சுற்றிச் சுற்றி வந்து பேச்சுக் கொடுத்தால், "மஹத்தயா எனவா" என்று சிங்களத்தில் ஒரு போடு போடுவாய். ஐயா வருகிறார், இந்தா சிகரெட் வாங்கப் போயிருக்கிறார். அந்த இல்லாத புருஷனுக்கு நாளடைவில் உத்தியோகம் வந்தது, மீசை வந்தது, முன்கோபமும் வந்தது. கடைசியில் அவர் சிகரெட்டை விட்டுவிட்டார் என்று நீ அறிவித்த அன்று, அப்படியானால் இனி எங்கே போய்விட்டார் என்று சொல்வது என நான் கவலைப்பட்டேன். நீ கல்யாணமே கட்டாமல் இருந்தவள். அந்த மனுஷனைக் கட்டிய மாதிரி வேறொருவரையும் கட்டியிருக்க மாட்டாய் என்று சிலவேளை எனக்குத் தோன்றும்.

உன் சட்டங்களுக்கெல்லாம் முதல் சட்டம், அடையாள அட்டை அவரவர் உடம்போடு இருக்க வேண்டும் என்பது. சண்டை நடந்த அந்த வருடங்களில் அது கொழும்பில் எல்லாத் தமிழருக்கும் சட்டம்தான். குப்பை போடக் கீழே இறங்கினாலும் அட்டையோடு இறங்கின காலம். நீ உன்னுடையதைக் கைக்குட்டைக்குள் சுற்றிச் சட்டைக்குள் செருகி வைத்திருப்பாய். அந்த ஒரு வெள்ளிக்கிழமை மட்டும், நனைந்துவிடும் என்று என் கையில் தந்துவிட்டு அலையில் கால் நனைக்கப் போனாய். நான் அதை என் பையில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் மழை பிடித்தது. எல்லாரும் ஓடினார்கள். நாமும் சிரித்துக்கொண்டே தண்டவாளம் தாண்டி ஓடி, நின்ற ரயிலில் தொற்றிக்கொண்டோம். வெள்ளவத்தையில் நான் இறங்கிக் கை காட்டினேன். நீ கோட்டைக்குப் போனாய், அங்கேயிருந்து கொட்டாஞ்சேனைக்கு பஸ்.

துறைமுகப் பக்கத்துச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்தார்கள். உன்னிடம் அட்டை இல்லை. இரவு முழுக்க உன்னை ஒரு மர வாங்கில் இருத்தி வைத்திருந்தார்கள். விடிந்த பிறகு உன் தம்பியும் பங்குச் சாமியாரும் பிறப்புச் சான்றிதழோடு வந்துதான் உன்னை வெளியே எடுத்தார்கள்.

நான் சனிக்கிழமை காலை உங்கள் வீட்டுக்கு ஓடி வந்தேன். நீ தலைமயிர் அவிழ்ந்து கிடக்க அறையிலிருந்து வெளியே வந்தாய். நான் அட்டையை நீட்டி, "காலையில பையைத் திறந்தால் இது கிடக்குது" என்றேன். நீ அட்டையைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். "சரி, வந்திருச்சே" என்றாய். ஒன்றும் நடக்கவில்லை, மூட்டைப்பூச்சிதான் கடித்தது என்று சொல்லி எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தாய். அதைக் குடித்துவிட்டு வந்தேன்.

காலையில் இல்லை. நான் இரவே கண்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து நனைந்த பையைக் காயவைக்க எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டினேன். உன் முகம் போட்ட அட்டை வந்து விழுந்தது. மணி எட்டாகவில்லை. உங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் ஃபோன் இருந்தது, நம்பர் எனக்கு மனப்பாடம், ஒன்பது மணிவரை கடை திறந்திருக்கும் என்றும் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் தம்பி அப்போதே சான்றிதழைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பான். நான் ஹாலுக்குப் போய் ரிசீவரைக் கையில் எடுத்தேன். அப்பா பேப்பரை இறக்கிவிட்டு, "ஆருக்கு?" என்று கேட்டார். கொட்டாஞ்சேனைக்கு என்றால் ஏன் என்று கேட்பார். அட்டை என்றால், கோயிலுக்குப் போனவளிடம் அவளுடைய அட்டை எப்படி வந்தது என்று கேட்பார். "ஒருத்தருக்கும் இல்லை" என்று சொல்லி ரிசீவரை வைத்தேன். அறைக்குள் போய், நீ எப்படியும் போய்ச் சேர்ந்திருப்பாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு விடியும்வரை விழித்துக் கிடந்தேன்.

பொலிசுக்குப் பயந்தேன் என்றாலாவது ஒரு மரியாதை இருக்கும். நான் பயந்தது அப்பாவின் ஏச்சுக்கு. அவர் அடிக்கிற மனுஷனும் இல்லை. இரண்டு நாள் பேசாமல் இருப்பார், அவ்வளவுதான். அந்த இரண்டு நாளுக்குப் பதிலாக உன்னை வாங்கில் இருக்க விட்டேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதை எழுதும்போதும் ஒருதரம் எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த முதல் வெள்ளி நீ வழமைபோல என் மேசையில் வந்து சாய்ந்தாய். நாம் திரும்பவும் போனோம். சண்டை முடிந்தது. சாவடிகள் போயின. எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்து, என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்தார். கரையில் கலர் லைட்டுகள் வந்தன, வெள்ளைக்காரர் வந்தார்கள், கணவாயின் விலையைக் கேட்டு நீ நெஞ்சில் கைவைத்தாய். அப்படியொரு நாள்தான், எந்தத் தொடக்கமும் இல்லாமல் நீ சொன்னாய்: "அன்னைக்கு ராத்திரி பூரா நான் ஒன்னுதான் வேண்டிக்கிட்டு இருந்தேன். நீ எனக்காக ஃபோன் எடுக்கப் போய் உங்க அப்பாட்ட மாட்டிரக் கூடாதுன்னு."

எனக்குக் காலடியில் மணல் இழுபட்டது. அது ஒரு திறந்த கதவு. நீ எல்லாம் கணக்குப் போட்டு முடித்து, மன்னித்தும் முடித்து, எனக்காகத் திறந்து வைத்த கதவு. ஓம், நான் கண்டனான், எடுத்தனான், வைச்சிட்டன் என்று சொல்லியிருந்தால் போதும். நான் என்ன சொன்னேன்? "எனக்குக் காலையிலதானே தெரியும்" என்றேன். நீ என்னைப் பார்க்காமல் கணவாயில் ஒரு துண்டை எடுத்து எலுமிச்சை பிழிந்தாய். "ஆமா, சொன்னியே" என்றாய். பிறகு வேறு கதை பேசினோம்.

ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்த நாளில் சொல்லிவிடுவது என்றுதான் வந்தேன். நேர்ஸ் வந்து ஏதோ மாற்றினாள், நீ கண்ணை மூடினாய், நான் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு எழும்பி வந்துவிட்டேன். மறுநாள் நீ இல்லை. செத்த வீட்டில் உன் தம்பி என் பக்கத்தில் வந்திருந்து பழைய கதைகள் சொல்லிக்கொண்டிருந்தான். பேச்சோடு பேச்சாக, "அந்த ராத்திரிக்கப்புறம் அக்கா லைட் அணைச்சுப் படுத்ததே இல்ல" என்றான். நான் அவனுடைய முகத்தைப் பார்க்கவில்லை. தலைக்கு மேல் லைட் வேண்டும் என்ற சட்டம் எப்போது வந்து சேர்ந்தது என்று அப்போதுதான் விளங்கியது.

இப்போது இன்றைய கதை. கல்கிசைக்குத்தான் போனேன். மகன் தனியவா என்று கேட்டான், தானும் வருகிறேன் என்றான். வேண்டாம் என்றுவிட்டேன். தண்டவாளத்தில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தேன். நம்முடைய பழைய கடை இல்லை, அதே இடத்தில் வேறொன்று இருக்கிறது. வெளிச்சத்துக்குக் கீழே, ஒரு குடும்பத்துக்குப் பக்கத்தில் கதிரை எடுத்தேன். வெள்ளி என்று பாராமல் கணவாய்க்குச் சொன்னேன். ஒரு துண்டு வாயில் வைத்ததும் இறங்கவில்லை. பையைத் திறந்து அட்டை இருக்கிறதா என்று பார்த்தேன். மூடினேன். திரும்பவும் திறந்தேன். கதிரை சரியில்லை என்று அடுத்ததற்கு மாறினேன். அங்கேயும் இருப்புக் கொள்ளவில்லை.

அடுத்த மேசையில் இரண்டு பெண்பிள்ளைகள் இருந்தார்கள். மட்டக்களப்பிலிருந்து சுற்றிப் பார்க்க வந்தவர்களாம். இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். நான் தனியே இருப்பதைக் கண்டு அவர்களாகவே கதை கொடுத்தார்கள். பிறகு ஒருத்தி தன் கைப்பையைத் தூக்கி என் மேசையில் வைத்தாள்.

"அன்ரி, இதக் கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்களன். கால் நனைச்சுப்போட்டு வாறம்."

நான் வாயைத் திறக்கும் முன்னம் இருவரும் இறங்கிவிட்டார்கள். அந்தப் பையை மேசையில் வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. மடியில் எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் அவர்களுடைய சட்டை தெரிந்தது, பிறகு தெரியவில்லை. பக்கத்துக் குடும்பம் எழும்பிப் போனது. கடைப் பொடியன் வந்து தட்டை எடுத்துவிட்டு பில் வேண்டுமா என்று கேட்டான். ரயில் ஒன்று போனது. நான் பிடிக்க நினைத்திருந்த ரயில் அது.

அப்போது மடியில் ஃபோன் அடித்தது. பையின் வாய் திறந்திருந்தது. திரையில் "அம்மா" என்று இருந்தது. நின்றது. திரும்ப அடித்தது. யாருக்கு என்று அப்பா கேட்கிற குரல் எனக்கு அப்படியே கேட்டது. எடுத்துப் பேசினால் அந்தப் பிள்ளை எங்கே நிற்பதாகச் சொல்லி வைத்திருக்கிறாளோ தெரியாது. பேசாமல் விட்டால் மட்டக்களப்பில் ஒரு தாய் நெருப்பில் நிற்கிறாள். மூன்றாம் தரம் அடித்தபோது இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு எழும்பினேன். செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, உன் லைட்டுக்குக் கீழிருந்து இறங்கி இருட்டுக்குள் நடந்தேன். பிள்ளை, பிள்ளை என்று கத்தினேன். பேர்கூடக் கேட்டு வைக்கவில்லை. கால் ஈரமான பிறகுதான் இருவரும் தெரிந்தார்கள். தண்ணீர் ஓரத்தில் பத்திரமாக நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பை தந்தவள் ஃபோனை வாங்கி, "ஓம் அம்மா, ரூமிலதான் நிக்கிறம், குளிச்சிக்கொண்டிருந்தன்" என்றாள். அலை ஒன்று பக்கத்தில் விழுந்து உடைந்தது. தாய்க்குக் கேட்டிருக்கும். ஃபோனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, நல்லகாலம் அன்ரி நீங்கள் எடுக்கவில்லை என்று சிரித்தாள். எனக்கு ஏச வாய் வந்தது. ஏச எனக்கு என்ன தகுதி? அடையாள அட்டை அவரவரிடம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஐ.சி. ரூமில் கிடக்குது, அதை இப்ப ஆர் கேக்கினம் என்றாள் மற்றவள். உண்மைதான். யாரும் கேட்பதில்லை. அதற்காகச் சந்தோஷப்பட வேண்டும், பட்டேன். மூன்று பேருமாக வெளிச்சத்துக்கு ஏறி வந்தோம். அவர்களைத் த்ரீவீலில் ஏற்றி, அது திரும்பும் மட்டும் நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

வீட்டுக்கு வந்து இதை எழுத இருந்தேன். மகன் படுத்துவிட்டான். கீழே கடையைப் பூட்டிவிட்டார்கள், வாசமும் இல்லை. நீ தெரிந்துகொண்டேதான் இருந்தாய் என்பது எனக்கு ஆறுதல் இல்லை. தெரிந்த ஒன்றைச் சொல்லிக் கேட்பதற்காக நீ எத்தனை முதல் வெள்ளி எனக்கு முன்னால் இருந்திருப்பாய் என்றுதான் யோசிக்கிறேன். அப்பா தெரியாமலே போய்விட்டார். நீ தெரிந்துகொண்டு போய்விட்டாய். மிச்சம் நான் ஒருத்திதான். சொல்லிவிட்டேன், ஆனால் கேட்க வேண்டியவள் இல்லாமல் சொல்லியிருக்கிறேன்.

என்னிடம் ஒரு பழக்கம் இருக்கிறது, நீயும் கவனித்திருப்பாய், கேலியும் செய்திருக்கிறாய். இருட்டிய பிறகு வீட்டில் எந்த ஃபோன் அடித்தாலும் நான் எடுத்துவிடுவேன். நம்பர் மாறி எடுப்பவர்கள், கடன் அட்டை வேண்டுமா என்று கேட்பவர்கள், மகனுடைய சிநேகிதர்கள், எதையும் அடிக்க விட்டுவிட்டு என்னால் இருக்க முடியாது. குளியலறையிலிருந்து ஈரக் காலோடு ஓடி வந்து எடுத்திருக்கிறேன். ஆர் என்று கேட்பதற்கு முன்னமே வாயில் வந்துவிடுகிறது: "எங்க நிக்கிறீங்கள்?"